பானையைத் தானே திறக்கும் பிள்ளை

எங்கள் போர்டிங்கில் அனாதைப் பிள்ளைகள் அதிகம் இருந்ததே இல்லை. 1990-களின் தொடக்கத்தில் கோலார் தங்கவயலில் சபை நடத்திய ஒரு விடுதியில் நான் உதவி வார்டனாகச் சேர்ந்தபோது, வாசல் பலகையில் ‘அனாதை இல்லம்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே இருந்தவர்களில் பாதிக்கு மேல் அம்மாவோ பாட்டியோ சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் உயிரோடு இருந்தார்கள். அப்பாவுக்குச் சுரங்கத் தூசியில் நெஞ்சு கெட்டிருக்கும், இல்லாவிட்டால் குடி. ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அந்த அம்மாக்கள் மதில் ஓரம் வந்து நின்று, முறுக்குப் பொட்டலத்தைப் பிள்ளை கையில் திணித்துவிட்டு, முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்துவிட்டுப் போவார்கள். வெளிநாட்டு ஸ்பான்சருக்குப் போகிற படிவத்தில் மட்டும் அவர்கள் இருக்கமாட்டார்கள்.

இந்த வட்டாரத்தில் சபை பிள்ளைகளை எடுத்து வளர்ப்பது புதிய சங்கதி இல்லை. தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78 காலத்தில், கோலாரில் மிஸ் ஆன்ஸ்டி என்ற ஆங்கிலேய மிஷனரி அம்மாள், பசிக்குத் தாய் தகப்பனைப் பறிகொடுத்த பிள்ளைகளைச் சேர்த்து வளர்த்தார். 1890-இல் அந்த ஊழியத்தை அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனிடம் ஒப்படைத்தார். இன்று கோலாரில் இ.டி.சி.எம். ஆஸ்பத்திரியை வைத்திருப்பது அந்த மெதடிஸ்ட் சபைதான். பஞ்ச காலத்துப் பிள்ளைக்குப் போக வேறு இடம் இல்லை. கூரையும் கஞ்சியும் கொடுத்தவர்கள் புண்ணியவான்கள். ஆனால் நூறு வருஷம் கழித்து, அம்மா மூன்று தெரு தள்ளி இருக்கிற பிள்ளைக்கும் சபைகள் அதே கூரையையும் அதே கஞ்சியையும்தான் நீட்டின. கட்டடம் இருந்தது, கட்டில் இருந்தது, அதற்குப் பணம் அனுப்ப ஆள் இருந்தது. அந்த அம்மாவுக்கு மாதம் கொஞ்சம் அரிசியும் ஸ்கூல் ஃபீஸும் கொடுத்தால் பிள்ளை வீட்டிலேயே இருக்குமே என்று கமிட்டியில் சொன்னால், “அதுக்கு யாரும்மா போட்டோ எடுத்து அனுப்புவாங்க?” என்பார்கள். கேலியாகச் சொன்னதில்லை, கணக்கு அப்படி.

2001 பிப்ரவரி 28-ஆம் தேதி சுரங்கம் மூடியது. அதற்குப் பிறகு வந்த வருஷங்களைப் பார்த்தவர்களுக்குத்தான் தங்கவயல் பிள்ளைகளின் கதை விளங்கும். விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் போய்க் கட்டட வேலையோ செக்யூரிட்டி வேலையோ பார்த்துவிட்டு, ஊர் அடங்கிய பிறகு திரும்புகிற வாழ்க்கை வந்தது. பிள்ளை எழும்போதும் அப்பா இல்லை, படுக்கும்போதும் இல்லை. சிலர் வாரத்துக்கு ஒருமுறை வந்தார்கள். சிலர் வருவதையே நிறுத்திவிட்டு அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார்கள். அம்மாக்கள் கார்மென்ட்ஸுக்கும் வீட்டு வேலைக்கும் போனார்கள். பாட்டி வீடு, எங்கள் பேச்சில் ஆயா வீடுதான் மிச்சம். எனக்குத் தெரிந்து தங்கவயலில் மற்றவர் பிள்ளையை வளர்த்த முதல் ஆள் ஆயாதான். அவளுக்கு எந்த ஃபைலும் இல்லை, எந்த ஆணையும் இல்லை. ஆயாவும் படுக்கையில் விழுந்தால் அந்தப் பிள்ளை எங்கள் வாசலுக்கு வரும்.

வெளிநாட்டுப் பணத்தின் காலம் முடிந்ததையும் நான் கண்ணால் பார்த்தேன். கிறிஸ்துமஸுக்கு முன் பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ‘அன்புள்ள ஸ்பான்சர் அங்கிள்’ என்று கடிதம் எழுதவைப்போம். 2017 மார்ச்சில், அப்படி வெளிநாட்டு ஸ்பான்சர்களைத் திரட்டிய கம்பாஷன் நிறுவனம் இந்தியாவை விட்டே போனது. தேசம் முழுவதும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் பிள்ளைகளுக்கு அது உதவிக்கொண்டிருந்தது. 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கிய பணத்தை இன்னொரு அமைப்புக்குக் கைமாற்றக் கூடாது, டில்லி ஸ்டேட் பாங்கில் ஒரே கணக்கு என்றெல்லாம் வந்ததும், சின்னச் சின்ன விடுதிகள் ஒவ்வொன்றாக மூச்சு அடங்கின. சபைக்காரர்கள் இதை உபத்திரவம் என்றே பேசினார்கள். அதில் நியாயம் உண்டு. ஆனாலும் அந்தப் பணம் நின்ற பிறகுதான் ‘நம்ம பிள்ளைகளை நாமே பார்க்கணும்’ என்ற பேச்சே எங்கள் பக்கம் எழுந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சட்டமும் அதே சமயத்தில் நெருக்கியது. 2015-இல் வந்த சிறார் நீதிச் சட்டம் எல்லா விடுதிகளும் பதிவு செய்தாக வேண்டும் என்றது. தமிழ்நாட்டு அனாதை இல்லங்களில் நடந்த கொடுமைகளைப் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் தீர்ப்புச் சொல்லி, அந்த வருஷ முடிவுக்குள் பதிவை முடிக்கச் சொன்னது. கழிப்பறை எத்தனை, ஜன்னல் எத்தனை, கேமரா எங்கே என்று எண்ண ஆட்கள் வந்தார்கள். கொரோனா வருஷத்தில், விடுதிப் பிள்ளைகளை நூறு நாளுக்குள் குடும்பங்களுக்குத் திருப்பி அனுப்பும்படி தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையம் எட்டு மாநிலங்களுக்கு எழுதியது. கர்நாடகமும் தமிழ்நாடும் அந்தப் பட்டியலில் இருந்தன. கொள்கை சரி. அனுப்பிய வேகம்தான் சரியில்லை. குடும்பம் என்று ஏட்டில் இருந்த முகவரிக்குப் போனால் வீடு பூட்டிக் கிடக்கும். அப்படித் திரும்பி வந்த பிள்ளைகளை வைத்துத்தான் நாங்கள் வளர்ப்புக் குடும்பம் தேடி இறங்கினோம். அதற்கு முன்பும் ஒன்றிரண்டு பிள்ளைகளை அப்படி வைத்திருந்தோம். இப்போது அதுவே முழுநேர வேலையானது.

அந்தத் தேடலில் பூதிகோட்டை எங்களுக்கு வாய்த்தது தற்செயல். ஹைதர் அலி பிறந்த ஊர் என்று பாடப் புத்தகத்தில் வரும். எங்கள் சிறுவயதில் அது மார்க்கண்டேயா அணைக்குப் பிக்னிக் போகிற வழி, அவ்வளவுதான். சுரங்கம் மூடியபோது கிடைத்த பணத்தை மகள் கல்யாணத்திலும் சாராயத்திலும் கரைத்தவர்கள் போக, பூதிகோட்டைப் பக்கம் அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வாங்கிப் போன சில தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. கேழ்வரகு, தக்காளி, இரண்டு மாடு, மல்பெரித் தோட்டம். அங்கேயே வேர்விட்ட கன்னட, தெலுங்குக் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. வாடகை நெருக்கடி இல்லை, திண்ணை இருக்கிறது, பால் இருக்கிறது. லைன் வீட்டின் ஒற்றை அறையில் ஏழு பேரோடு எட்டாவதாக ஒரு பிள்ளையைப் படுக்கவைப்பதைவிட இது மேல் என்று பட்டது.

வளர்க்க முன்வருகிறவர்களைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். சபை ஐயர் பிரசங்கத்தில் ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்று உருகினால் அன்று மத்தியானமே நாலு பேர் கை தூக்குவார்கள். அவர்களை நான் குறித்துக்கொண்டு, ஒரு மாதம் கழித்துத்தான் போவேன். பாதிப் பேர் அதற்குள் ஆறிப்போயிருப்பார்கள். மிச்சம் பேர் கேட்கிற கேள்விகளில் ஆள் தெரிந்துவிடும். “நிறம் எப்படி, மேடம்?” என்பார்கள். “சொன்ன பேச்சு கேட்குமா?” என்பார்கள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, “எந்த ஆளுங்க பிள்ளை?” என்பார்கள். ஒரே கோப்பையில் திருவிருந்து எடுக்கிறவர்கள் சாதியைக் கேட்கமாட்டார்கள் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த மயக்கம் எப்போதும் இருந்ததில்லை. சாதி கேட்ட வீட்டில் பிள்ளையை விட்டதில்லை. “பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம்? ராத்திரி பயப்படுமா?” என்று கேட்ட வீடுகள்தான் நின்றன.

ஒரு வீட்டைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன். பட்டுப்புழு வளர்க்கிற குடும்பம். புருஷன் முன்பு சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் தொழிலாளி. அந்த அம்மாவுக்கு எழுத்து வாசனை குறைவு. நாலு பாஷை பேசுவாள். அவளிடம் ஒன்பது வயதுப் பையன் ஒருவனை விட்டோம். புழு கடைசிப் பருவத்துக்கு வந்துவிட்டால் இரவு பகல் பாராமல் தழை கேட்கும். வீடு முழுக்க மழை பெய்கிற மாதிரி அது கடிக்கிற சத்தம். அந்தச் சத்தத்தில் பையன் தூங்கமாட்டேன் என்று அழுவான் என்று நினைத்தேன். அவனுக்கு அது பிடித்துப்போயிற்று. பிரச்சினை வேறு இடத்தில் முளைத்தது. படுக்கைக்குக் கீழே எறும்பு ஊர்ந்தது. பாயைச் சுருட்டிப் பார்த்தால் பன், பாதி வாழைப்பழம், காகிதத்தில் சுருட்டிய சோறு.

பட்டினி கிடந்த பிள்ளைகள் பலர் இதைச் செய்வார்கள். விடுதியில் இதற்கு அடி விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூடி இறுகப் போடுகிற ஒரு பிஸ்கட் டப்பாவைக் கழுவிக் கொடுத்து, “இதுல வச்சிக்கோடா, எறும்பு வராது” என்றாள். இரவு அவளே அதில் இரண்டு முறுக்குப் போட்டுவைப்பாள். பிறகு ஒருநாள் நான் போனபோது டப்பாவில் கோலிக் குண்டு இருந்தது. “சாப்பாடு எங்கடா?” என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, “பானையில கீது ஆன்ட்டி” என்று போய், தானே தட்டை எடுத்து, பானையைத் திறந்து, களியைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தான். என் அறிக்கையில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் அன்றுமுதல் எந்த வீட்டுக்குப் போனாலும் நான் முதலில் பார்ப்பது, பிள்ளை யாரையும் கேட்காமல் பானையைத் திறக்கிறதா என்றுதான்.

பிள்ளையின் கையையும் பார்ப்பேன். பட்டு, பால், தக்காளி என்று எல்லாமே வீட்டு ஆள் பலத்தில் நடக்கிற ஊர். புழுவைப் பொறுக்கி, கூடு கட்டும் சந்திரிகைத் தட்டில் விடுகிற நாளில் சொந்தப் பிள்ளையும் வேலை செய்யும், வளர்ப்புப் பிள்ளையும் செய்யும். அதைத் தடுத்தால் அது அந்த வீட்டுப் பிள்ளையாகவே ஆகாது. ஆனால் சொந்தப் பிள்ளை ஸ்கூலுக்குப் போன நாளில் இது போயிருக்கிறதா என்று வருகைப் பதிவேட்டை வாத்தியாரிடம் கேட்டு வாங்குவேன். ஒரு வீட்டில் மாடு மேய்க்கவே பையனைக் கேட்டு வாங்கியிருந்தார்கள். பெரிய ஜெபக்காரக் குடும்பம். குழந்தைகள் நலக் குழுவிடம் சொல்லி அவனை வேறு வீட்டுக்கு மாற்றிய பிறகு, அவர்கள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார்கள்.

பிள்ளையை வைத்துக்கொள்ளும் வீட்டுக்குச் சுற்றி இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் சபையின் லட்சணம் இருக்கிறது. முதல் இரண்டு மாதம் பிள்ளை தேனாக இருக்கும். பிறகு, இவர்கள் நம்மைத் துரத்துவார்களா மாட்டார்களா என்று சோதிக்கத் தொடங்கும். பொய், திருட்டு, படுக்கையில் மூத்திரம். ஆறாம் மாதத்தில்தான் வளர்ப்பு அம்மா என்னைக் கூப்பிட்டு, “அக்கா, என்னால முடியல” என்பாள். அந்த நேரத்தில் அவளுக்கு வசனம் சொல்லக் கூடாது. சனிக்கிழமை பிள்ளையைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருத்தி வேண்டும். கோலாரில் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜராக வேண்டிய நாளில் பங்காருப்பேட்டையில் பஸ் மாறிப் போய்வர ஒரு நாள் கூலி போகும். அதைக் கொடுக்க ஆள் வேண்டும். எங்கள் பெண்கள் ஐக்கியம் கைப்பிடி அரிசி எடுப்பதை வெகுகாலமாகச் செய்துகொண்டிருந்தது. தினம் உலை வைக்குமுன் ஒரு பிடி தனியே போட்டு, மாதக் கடைசியில் சபைக்குக் கொண்டுவருவார்கள். அதை ஏலம் விட்டுச் சபைக் கணக்கில் சேர்ப்பது வழக்கம். அந்த அரிசியை அப்படியே வளர்ப்பு வீடுகளுக்கும் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் ஆயாக்களுக்கும் கொடுக்கவைக்க நான் பட்ட பாடு தனிக் கதை.

அரசுப் பணமும் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புக் குடும்பத்தில் இருக்கும் பிள்ளைக்கு மாதம் 4000 ரூபாய். முன்பு 2000-ஆக இருந்தது. சொந்தக்காரரிடமே இருக்கும் பிள்ளைக்கும் ஸ்பான்சர்ஷிப் என்று அதே 4000 உண்டு. கிராமத்தில் குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000-க்கு மேல் போகக் கூடாது. நல்ல திட்டம். பணம் மாதாமாதம் தவறாமல் வந்தால் இன்னும் நல்ல திட்டம். மளிகைக் கடைக்காரர் டில்லியில் நிதி ஒதுக்கும்வரை காத்திருக்கமாட்டார். அந்த இடைவெளியை அடைக்கத்தான் கைப்பிடி அரிசி.

சபையோடு நான் அதிகம் சண்டை போட்டது இரண்டு விஷயத்துக்கு. ஒன்று சாட்சி. வெளியூர்ப் பிரசங்கியார் வந்தால் பிள்ளையை மேடை ஏற்றி, “இவனை எங்கிருந்து தேவன் தூக்கியெடுத்தார் தெரியுமா” என்று ஆரம்பித்துவிடுவார்கள். அப்பா ஜெயிலில் இருப்பதை அந்தப் பிள்ளையின் வகுப்புத் தோழன் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பான். பாதுகாப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளத்தைப் பிரசுரிப்பது சட்டப்படி குற்றம் என்று சொல்லிப் பார்த்தேன்; அது எடுபடவில்லை. “உங்க மகள் எக்ஸாம்ல கோட்டை விட்டதை மைக்ல சொல்லலாமா?” என்று ஒரு மூப்பரைக் கேட்டேன். அது எடுபட்டது.

இன்னொன்று ஞானஸ்நானம். எங்களிடம் வந்தவர்களில் ஆதி திராவிட இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள் நிறையப் பேர். 1950-ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி கிறிஸ்தவன் ஆனால் எஸ்.சி. சலுகை போய்விடும். தங்கவயலில் சபைக்கு ஒரு பெயர், சர்டிபிகேட்டுக்கு ஒரு பெயர் என்று வைத்திருக்கிற வீடுகள் எத்தனையோ. அதை யாரும் வெளியே பேசுவதில்லை. பெரியவர்கள் தாங்களாக எடுத்த முடிவு அது. வளர்க்க வாங்கிய பிள்ளைக்கு அந்த முடிவை எடுக்க நமக்கு உரிமை இல்லை. அவனுடைய ஸ்காலர்ஷிப்பும் சீட்டும் வேலையும் அவனுடையவை, அவன் சாமியும் அவனுடையதுதான். 18 வயது வரை ஞானஸ்நானப் பேச்சே கூடாது என்று ஒவ்வொரு ஐயரிடமும் கறாராகச் சொன்னேன். 2022-இல் கர்நாடகத்தில் மதமாற்றத் தடைச் சட்டம் வந்த பிறகு, ‘முன்பே சொன்னாளே’ என்றார்கள். நான் சொன்னது போலீஸுக்குப் பயந்து இல்லை. ஒரு பையன் ஞாயிறு சண்டே ஸ்கூல் போவான், ஆடி மாதம் ஆயாவோடு கங்கையம்மன் கோயிலுக்குக் கூழ் குடிக்கப் போவான். அவனை வளர்த்த அம்மாவே பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அனுப்பினாள்.

பெற்றவள் திரும்பி வரும்போதுதான் எல்லாருடைய பக்தியும் ஆட்டம் காணும். ஒரு பெண் குழந்தை பூதிகோட்டையில் மூன்று வருஷத்துக்கு மேல் இருந்தது. கன்னடப் பள்ளிக்கூடத்தில் முதல் ரேங்க். பெங்களூரில் கார்மென்ட்ஸில் இருந்த அம்மா குடியை விட்டு, ஒரு ரூம் பிடித்து, ‘என் பிள்ளையைக் கொடுங்கள்’ என்று வந்தாள். சபை கொதித்தது. “குடிக்கிறவகிட்ட திருப்பி அனுப்புறதா?” என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். வளர்த்தவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். தத்தெடுப்பது வேறு, வளர்ப்பது வேறு என்று ஆரம்பத்திலேயே கையெழுத்து வாங்கியதுதான். கையெழுத்துக்கு அழுகை அடங்குமா? நலக் குழுவில் பேசி, அந்த அம்மா ஞாயிறுதோறும் பூதிகோட்டைக்கு வரவேண்டும், அதே வீட்டில் சாப்பிடவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். இரண்டு பொம்பிளைகளும் முதலில் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிள்ளைக்குப் பேன் பார்க்கும்போது பேச்சு வந்தது. அடுத்த பள்ளி வருஷத்தில் பிள்ளை அம்மாவோடு போனாள்; லீவு விட்டால் பூதிகோட்டைக்கு வருகிறாள். இப்போது 2024-இல் வந்த நெறிமுறைகளில், இரண்டு வருஷம் வளர்த்தவர்கள் தத்துக்கு விண்ணப்பிக்கலாம், தனியாக வாழ்கிறவர்களும் வளர்க்கலாம் என்று ஆகியிருக்கிறது. தனி மனுஷிகளைச் சேர்த்தது நல்லது. எங்கள் சபையில் கல்யாணம் ஆகாத டீச்சர்கள் எத்தனை பேர் இதற்குக் காத்திருந்தார்கள். தத்து ஆசையோடு வளர்க்க வருகிறவர்களைப் பார்த்தால்தான் கொஞ்சம் கவலை. பெற்றவள் வாசலில் வந்து நின்றால் அவர்கள் கதவைத் திறக்கவேண்டும்.

18 முடிந்த பிறகுதான் நிஜமான தலைவலி. சட்டத்தில் 21 வரை பின்பராமரிப்பு என்று இருக்கிறது. பையனுக்கு வேண்டியது அதைவிடச் சில்லறையான விஷயங்கள். ரேஷன் கார்டில் பெயர் எங்கே? ஆதாரில் விடுதி விலாசம்; அந்த விடுதியே இப்போது இல்லை. சாதிச் சான்றிதழ் வாங்க அப்பாவின் டி.சி. எங்கே? கல்யாணத்துக்கு ஓலை வாசிக்கும்போது ‘இன்னாரின் குமாரன்’ என்று யார் பெயரைச் சொல்வது? ஒரு பையன் பெற்ற அப்பா பெயரையும் வளர்த்தவர் பெயரையும் சேர்த்து வாசிக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ஐயர் ரெஜிஸ்டரில் இடமில்லை என்றார். வாசிக்கத்தானே கேட்கிறான், எழுதவா கேட்கிறான் என்றேன். வாசித்தார்.

எல்லாவற்றிலும் பெரியது பெங்களூர் வாடகை அட்வான்ஸ். பத்து மாத வாடகையை மொத்தமாகக் கேட்கிற ஊர் அது. வேலை கிடைத்த பையனுக்கு முதல் சம்பளம் வருமுன்பே அதைக் கொடுக்க அப்பா இருக்கவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? போன வருஷம் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காயும் கோழியும் நல்ல விலைக்குப் போயிருந்தன. கோயில் மதிலுக்குப் பெயின்ட் அடிக்க அந்தப் பணம் என்று கமிட்டி ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. எங்களிடம் வளர்ந்து இப்போது பெங்களூரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிற ஒருவன் எழுந்து, அதை அட்வான்ஸ் நிதியாக வைக்கலாம், வாங்குகிறவன் மாதத் தவணையில் திருப்பிக் கட்டுவான், முதல் பையனுக்கு நானே ஜாமீன் என்றான். ரொம்ப நேரம் வாக்குவாதம். கடைசியில் கை தூக்கச் சொன்னார்கள்; அவன் பக்கம்தான் அதிகம். பெயின்ட் கான்ட்ராக்ட் எடுத்திருந்தவர் எங்கள் சபைக்காரர்தான். இன்னும் எனக்கு ஸ்தோத்திரம் சொல்வதில்லை. நிதியிலிருந்து இதுவரை மூன்று பேர் வாங்கியிருக்கிறார்கள். இரண்டு பேர் தவணை ஒழுங்காகக் கட்டுகிறார்கள். மூன்றாமவனைப் பிடிக்க வருகிற வாரம் நான் ஒயிட்ஃபீல்ட் போகவேண்டும்.